நூற்றெண்பத்தாறு புள்ளிகள்

கொழும்பு கோட்டையில் குண்டு வெடித்த அன்று வரதராசா உயிரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய இடது காற்செருப்பு. காலை ஏழே காலுக்கு வெள்ளவத்தைச் சந்தியில் வழமையான பஸ்ஸுக்கு நின்றபோது அதன் வார் அறுந்தது. வீட்டுக்குத் திரும்பி வேறு செருப்பைக் கொழுவிக்கொண்டு போனார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டவில்லை. முன்னால் புகை எழும்பி நின்றது.

மேல்மாடி வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா முதல் பஸ்ஸிலேயே போயிருந்தார். பதினொரு வருடமாக இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகிறவர்கள். அவருடைய செருப்பு நல்ல செருப்பு.

அவருடைய எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு வரதராசா வீட்டில் பிள்ளையாருக்கு மோதகம் அவித்தார்கள். வரதராசாவின் மனைவி சரோஜினிதேவி வந்தவர்களுக்கெல்லாம் அந்த வார் அறுந்த கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கொஞ்சம் வளர்ந்தது. முதல் நாள் வார் தானாக அறுந்தது. நாலாம் நாள் யாரோ பிடித்து இழுத்தது போல இருந்ததாம். மோதகம் அவித்த அன்று, அந்த இழுவையில் தும்பிக்கையின் பலம் தெரிந்ததாம்.

குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அவளுடைய தங்கை பாலேஸ்வரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பொறுமை அவளிடம் அதிகம் இருந்ததில்லை.

"அக்கா, அப்ப மேல்வீட்டுக்காரற்றை வாரைப் பிள்ளையார் ஏன் அறுக்கேல்லை? மாடிப்படி ஏறக் கஷ்டமோ?"

வந்திருந்த பெண்கள் மோதகத்தைக் கடித்தபடியே நின்றுவிட்டார்கள். சரோஜினிதேவி கையைக் கூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உன்ரை வாயைக் கழுவடி! தெய்வ குத்தம்."

"நான் தெய்வத்தைக் குறை சொல்லேல்லை. செருப்பைத்தான் கேக்கிறன். அத்தான் அந்தச் செருப்பை எத்தினை வருஷமாப் போடுறார்? நாலு. ஒருநாள் அறும்தானே. அண்டைக்கு அறுந்தது. அவ்வளவுதான் கதை."

வரதராசா கப்பல் கம்பனிக் கந்தோரில் பெரிய எழுதுவினைஞர். உரத்துக் கதைக்காத மனிதர். "பாலேஸ், நான் தப்பினது உமக்குச் சந்தோஷமில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

"சந்தோஷம்தான் அத்தான். காரணம் கேட்டால்தான் எரியுது."

பாலேஸ்வரிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அக்கா வீட்டின் பின்னறையில் இருந்தாள். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்து, உயிரியல் படித்து, மருத்துவபீடத்துக்கு மூன்றே மூன்று புள்ளி குறைந்து, ஆய்வுகூடத் தொழில்நுட்பப் படிப்பைப் படித்துக்கொண்டு கொழும்பில் தங்கிப்போனவள். அந்த மூன்று புள்ளியைச் சொந்தக்காரர் எல்லாரும் விதி என்றார்கள். அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. வெட்டுப்புள்ளியை மாவட்டத்துக்கு மாவட்டம் மாற்றிப் போட்டது அரசாங்கம். அச்சடித்து, கையெழுத்து வைத்து, பேப்பரிலும் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் அவள் இருந்த அறையை எரித்தவர்களின் கையில் வீட்டு இலக்கங்கள் எழுதிய பட்டியல் இருந்தது. அதையும் விதி என்றார்கள். காரணம் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது இந்தச் சனம் அதை விதி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகும், காரணமே இல்லாத இடத்தில் மட்டும் மண்ணைக் கிண்டிக் கிண்டிக் காரணம் தேடும் என்பது அவளுடைய முடிவு. இந்த முடிவை அவள் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் சொன்னாள்.

அவளுக்குப் பேசி வந்த மூன்று சம்பந்தமும் சாதகக் குறிப்புப் பொருந்தாமல் போயின. மூன்றாவது முறை சாத்திரியாரிடம் அவளே நேரில் போய், "ஒரே ஆஸ்பத்திரியிலை, ஒரே நேரம், ஒரே தாய் வயித்திலை பிறந்த இரட்டைப் பிள்ளையளிலை ஒண்டு முடமாயும் ஒண்டு நல்லாயும் இருக்கிறதை நான் கண்டிருக்கிறன். அதுகளின்ரை குறிப்பு ரெண்டையும் எழுதித் தாங்கோ, பாப்பம்" என்றாள். அதன் பிறகு ஒருவரும் சம்பந்தம் பேசி வரவில்லை.

குண்டு வெடித்த மாதம் முடிவதற்குள் மேல்மாடியில் இன்னொரு கதை கிளம்பியது. ஸ்ரீஸ்கந்தராசாவின் மனைவி இரத்தினம்மாவுக்கு எட்டாமிடத்தில் செவ்வாயாம். கலியாணத்தின்போது மறைத்துவிட்டார்களாம். புருஷனைத் தின்னும் செவ்வாயாம். மோதகம் தின்ற அதே வாய்கள்தான் சொல்லின. இரத்தினம்மா ஒருநாள் மாடிப்படியில் பாலேஸ்வரியை மறித்தாள். வெள்ளைச் சீலையின் தலைப்பை விரலில் சுற்றியபடி நின்றாள்.

"பாலேஸ், நீர் படிச்சனீர். என்ரை குறிப்பாலைதானாம் அவர் போனவர். உண்மையோ?"

பாலேஸ்வரிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும்.

"உங்கடை குறிப்பு பஸ்ஸிலை ஏறினதோ அக்கா? குண்டு வைச்சவனுக்குக் காரணம் இருந்திருக்கும், அதை அவனைக் கேக்கட்டும். அண்ணை அந்த இடத்திலை நிண்டதுக்கு ஒரு காரணமும் இல்லை. நீங்கள் செய்த ஒண்டாலையும் இல்லை, செய்யாத ஒண்டாலையும் இல்லை. ஆரும் இனி உங்களிட்டை இதைச் சொன்னால் என்னட்டை அனுப்பிவிடுங்கோ."

இரத்தினம்மா படியிலேயே குந்தி அழத் தொடங்கினாள். செத்த வீட்டிலும் அழாதவள். பாலேஸ்வரி என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது.

வேலை கொட்டாஞ்சேனையில். பழைய இரண்டு தட்டு வீடொன்றில், ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் உதவியில் நடந்த சிறிய கிருமி ஆய்வுகூடம் அது. தலைவர் டொக்டர் சிறில். லண்டனில் இரண்டு வருடம் இருந்தவர். அதை அவரும் மறக்கமாட்டார், மற்றவர்களையும் மறக்க விடமாட்டார். அவருக்கும் பாலேஸ்வரிக்கும் இடையில் கதை பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். மேசையில் மூன்றாவது ஆள் றவூப். கிருமி வளர்க்கும் சூப்பைக் காய்ச்சுவதும் கண்ணாடித் தட்டுகளில் ஜெலி ஊற்றுவதும் அவன் வேலை. கொட்டாஞ்சேனையிலேயே வீடு. இருபது வருட அனுபவம். அவன் ஊற்றிய தட்டில் ஒரு குமிழி இருக்காது.

டொக்டர் சிறிலிடம் ஓர் எண்ணம் இருந்தது. வயிற்றோட்டக் கிருமி மருந்தைக் கண்டு மெல்ல மெல்லப் பழகுகிறது, பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு பாடமாக்குவது போல மருந்தைத் தாங்கப் படிக்கிறது என்பது அந்த எண்ணம். அதை நிரூபித்து அறக்கட்டளைக்கு ஒரு புத்தகம் அனுப்ப வேண்டும். எண்ணத்தை அவர் யோசித்தாகிவிட்டது. இனி இலக்கங்களை எடுத்துக் கொடுப்பது பாலேஸ்வரியின் கடமை.

அவள் ஒரே ஒரு கிருமியிலிருந்து வந்த கூட்டத்தை எடுத்து, இருபது குழாய்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். ஒரே சூப்பு, ஒரே சூடு, ஒரே தாயின் பிள்ளைகள். ஒரு நாள் வளர விட்டு, இருபதையும் மருந்து கலந்த இருபது தட்டுகளில் ஊற்றினாள். மருந்தில் சாகாமல் தப்பிய ஒவ்வொரு கிருமியும் பெருகி, அடுத்த நாள் தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ண வேண்டும். டொக்டர் சொன்னபடி கிருமி மருந்தைக் கண்ட பிறகுதான் படிக்கிறதென்றால் எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான் வர வேண்டும்.

சைபர். ஒன்று. சைபர். மூன்று. சைபர். சைபர். இரண்டு. இப்படியே போய்ப் பதினான்காம் தட்டில் நூற்றெண்பத்தாறு.

அவள் இரண்டு தரம் எண்ணினாள். பிறகு றவூப்பைக் கூப்பிட்டு எண்ண வைத்தாள். நூற்றெண்பத்தாறுதான்.

டொக்டர் சிறில் தட்டைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை.

"இந்தத் தட்டில் மருந்து விழவில்லை. எறிந்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடு."

"மருந்து இல்லையென்றால் தட்டு முழுக்கப் பாசி பிடித்த மாதிரி மூடியிருக்கும், டொக்டர். எண்ண முடியாது. இது எண்ணக்கூடியதாக இருக்கிறது."

"அப்படியானால் உன் கை சுத்தமில்லை. வேறு கிருமி விழுந்திருக்கிறது."

அவள் அந்தப் புள்ளிகளில் ஆறைத் தொட்டெடுத்து வளர்த்துச் சோதித்தாள். அதே கிருமி. ஒரே குழாயிலிருந்து பத்துத் தட்டுகளில் ஊற்றிப் பார்த்தாள். பதினைந்து, பன்னிரண்டு, பதினேழு, பதினான்கு என்று ஒன்றுக்கொன்று பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கை நடுங்கியிருந்தால் இதுவும் நடுங்கியிருக்க வேண்டும். கை சரி. தட்டுச் சரி. குழப்பம் குழாய்க்குள்ளே நடந்திருக்கிறது. மறுபடி இருபது குழாய். இந்த முறை ஏழாவதில் எழுபத்தொன்று, மிச்சமெல்லாம் சில்லறை.

ஆய்வுகூடத்து அலுமாரியில் பழைய சஞ்சிகைகள் தூசி தின்றுகொண்டு கிடந்தன. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஒன்றில் இதே விஷயம் பிட்டுப் பிட்டு எழுதப்பட்டிருந்ததை அவள் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்டாள். கிருமி மருந்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும்போது எங்கோ ஒரு தரம் நகல் எடுப்பதில் ஒரு தவறு விழுகிறது. அந்தத் தவறு விழுந்த கிருமியை மருந்து கொல்லாது. எப்போது விழும் என்று ஒருவருக்கும் தெரியாது, கிருமிக்கும் தெரியாது. கடைசி நேரத்தில் விழுந்தால் ஒன்றோ இரண்டோ தப்பும். ஆரம்பத்திலேயே விழுந்தால் அதன் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை எல்லாம் தப்பும். நூற்றெண்பத்தாறு என்பது முந்திக்கொண்டு விழுந்த ஒரு தவறின் வம்சம். அந்தக் குழாய்க் கிருமி கெட்டிக்காரக் கிருமி அல்ல. புண்ணியம் செய்த கிருமியும் அல்ல.

தான் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவளுக்கு வருத்தமில்லை. லண்டனுக்குப் போய்வந்த மனிதர் தன் கதிரைக்குப் பின்னால் இருந்த அலுமாரியை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு இனித்தது. சஞ்சிகையை விரித்து அவர் மேசையில் வைத்தாள். அவர் அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"பாலேஸ்வரி, நான் உன்னிடம் கேட்டது சராசரி. சரித்திரம் அல்ல."

வீட்டில் மறுபடி கணக்குப் பார்க்கலாமென்று அன்று குறிப்புக் கொப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் காலை பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையாக நின்றார்கள். ஓர் ஆமிக்காரன் வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்து, அவளைக் காட்டி, "ஒயா, மெஹாட்ட எண்ட" என்று பக்கத்தில் கூப்பிட்டான். அடையாள அட்டையில் பிறந்த இடம் கோண்டாவில். பையில் கொப்பி. கொப்பியில் பக்கம் பக்கமாக இலக்கங்கள். 0, 1, 0, 3, 0, 0, 2. பிறகு சிவப்பு மையில் இரண்டு கோடு போட்ட 186.

அரை மணித்தியாலத்தில் பொலிஸ் நிலையமொன்றின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், மரியாதையாகத்தான் பேசினார். கொப்பியை விரித்து 186இல் விரலை வைத்தார். சிங்களத்தில் கேட்டார்:

"மிஸ், இதெல்லாம் சைபர், ஒன்று. இது மட்டும் ஏன் இப்படி? இதற்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒன்றும் இல்லை."

"சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். அர்த்தம் இல்லாததற்கு யாராவது கோடு போடுவார்களா?"

இரண்டு கிழமையாக ஒரே கேள்வியை வேறு வேறு கதிரைகளிலிருந்து கேட்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. டொக்டர் சிறிலின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள்.

அவர் பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைக் கார், வெள்ளைச் சேட்டு. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றார். டொக்டர் கொப்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"இவள் என்னுடைய தொழில்நுட்பவியலாளர்தான். இது கிருமி எண்ணிய கணக்கு. இந்த 186 ஒரு பிழை. கவனமில்லாமல் வேலை செய்ததில் வந்தது. நானே எறியச் சொன்னேன். இதில் பயப்பட ஒன்றுமில்லை."

இன்ஸ்பெக்டரின் முகம் தெளிந்தது. கவனமில்லாத பெண் என்பது அவருக்கு உடனே விளங்கியது. கொப்பியை மூடி மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார். அவள் அதை எடுத்துக்கொண்டு காரில் ஏறியிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் கொட்டாஞ்சேனையில் இருந்திருப்பாள்.

"பிழை இல்லை" என்றாள் பாலேஸ்வரி.

தள்ளிய கை நின்றது. "என்ன?"

"அது பிழை இல்லை. சரியான எண்ணிக்கை. நான் இரண்டு தரம் எண்ணினேன்."

"வாயை மூடு" என்றார் டொக்டர் ஆங்கிலத்தில், பல்லுக்குள்ளால்.

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். "பிழை இல்லையென்றால், ஏன் வந்தது?"

பாலேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய சிங்களம் மீன்காரனிடமும் தபால் கந்தோரிலும் படித்த சிங்களம்.

"பஸ்ஸில் அறுபது பேர் வந்தோம். என்னை மட்டும் ஏன் கூப்பிட்டார்கள்? என் அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே?"

இன்ஸ்பெக்டர், அவளைக் கூட்டிவந்து வாசலில் நின்ற ஆமிக்காரனைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். "நிகங், சேர்" என்றான். சும்மாதான்.

"அதுபோலத்தான் இதுவும்" என்றாள் பாலேஸ்வரி. "நிகங்."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். விளங்கிய மனிதரின் சிரிப்பு அது. ஆனால் விளங்கிக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. தலைவர் பிழை என்கிறார், ஊழியர் பிழையில்லை என்கிறார், முரண்பட்ட இரண்டு வாக்குமூலம். வெள்ளைச் சேட்டோ கோபத்தில் காரில் ஏறிப் போய்விட்டது. அவள் அன்றும் இரவும் அந்த வாங்கிலேயே இருந்தாள். மறுநாள் மத்தியானம் றவூப் ஆய்வுகூடக் கந்தோரில் கெஞ்சி வாங்கிய கடிதத்தோடும் ஒரு சோற்றுப் பார்சலோடும் வந்தான். தட்டில் ஜெலி ஊற்றியது தான்தான், தானும் எண்ணிப் பார்த்ததுதான், நூற்றெண்பத்தாறு சரிதான் என்று அவனும் வாக்குமூலம் கொடுத்தான். பிறகுதான் விட்டார்கள்.

"மிஸ், ஒரு சொல்லு பிழைண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிரிக்குமே" என்றான் பஸ் தரிப்பில்.

"ஓம். எல்லாருக்கும் முடிஞ்சிருக்கும்."

வீட்டில் சரோஜினிதேவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு திட்டினாள். வரதராசா அவளுடைய குறிப்பை எடுத்துப் பார்த்திருந்தார். ஏழரைச் சனி தொடங்கி நாலு மாதமாம்.

"அத்தான், அந்தப் பஸ்ஸிலை வந்த மிச்ச அம்பத்தொன்பது பேருக்கும் சனி இல்லையோ?"

"உம்மோடை கதைக்க ஏலாது" என்று அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் நேரே டொக்டர் சிறிலின் அறைக்குப் போனாள். மூன்றாம் முறையும் செய்வோம், இந்த முறை உங்கள் கண்ணுக்கு முன்னாலே, நீங்களே குழாய்களில் கையெழுத்துப் போட்ட சீட்டை ஒட்டுங்கள் என்றாள். அவர் ஒத்துக்கொண்டார். அவமானத்தில் இருந்த மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். அவள் அந்த மூன்று நாளும் ஒரு கலியாண வீட்டுக்காரியைப் போல நடந்தாள். வரப்போகும் தட்டைத் தூக்கி அவர் மூக்குக்கு முன்னால் பிடிக்கும்போது என்ன சொல்ல வேண்டுமென்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

சைபர், ஒன்று, சைபர், இரண்டு, சைபர், சைபர், ஒன்று. பத்தாம் தட்டில் நாலு. பதினேழில் ஐந்து. இருபதாம் தட்டில் சைபர்.

பெரிய எண் ஒன்றும் இல்லை.

டொக்டர் சிறில் அவசரப்படவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அன்று ஒன்றையும் தூக்கிப் பார்க்காத மனிதர். "பார்த்தாயா? கவனமாகச் செய்தால் எல்லாம் ஒழுங்காக வரும்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பாலேஸ்வரி சூப்புக் காய்ச்சும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஏன்? இந்த முறை மட்டும் ஏன்? புதன்கிழமை இரண்டு மணித்தியாலம் கரண்ட் நின்றது, வளர்க்கும் பெட்டி ஆறியிருக்குமோ? சூப்புப் பொடி புதுப் பெட்டியோ? டொக்டர் ஏதாவது குழாயை மாற்றினாரோ? றவூப் அலம்பிய தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"றவூப், இந்த முறை சூப்பை வேறை மாதிரிக் காய்ச்சினீரோ? உப்பைக் கூட்டிக் குறைச்சுப் போட்டீரோ? உண்மையைச் சொல்லும்."

றவூப் கையில் இருந்த தட்டை வைத்தான். அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"மிஸ்ஸுமா என்னைய இப்பிடிக் கேக்கிய?"

அவ்வளவுதான் சொன்னான். அடுக்கி முடித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாருடைய குரலில் அவனிடம் கேட்டாள் என்பது மெல்ல மெல்ல விளங்கியது. உன் கை சுத்தமில்லை என்ற குரல். எட்டாமிடத்துச் செவ்வாய் என்ற குரல். அவளுக்கு வர வேண்டியது வரவில்லை என்றவுடன் அவளும் மண்ணைக் கிண்டத் தொடங்கிவிட்டாள். கிருமிகள் அவளுக்கு நியாயம் வழங்கக் கடமைப்பட்டவை அல்ல என்பதை ஐம்பது வருடத்துக்கு முந்திய சஞ்சிகையில் அல்ல, அன்று காலையில்தான் அவள் படித்தாள். கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். நூற்றைத் தாண்டும் தட்டு ஒன்று வருவதற்கு, இருபது குழாயைச் சராசரியாக ஐந்து தரம் செய்ய வேண்டும். அதில் நாலு தரம் வராது. முதல் தரமே வந்ததுதான் அதிசயம். அந்த அதிசயத்தைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டு பொலிஸ் வாங்கில் ஓர் இரவு முழுக்க நிமிர்ந்து இருந்திருக்கிறாள்.

எழுந்து போய் மூன்று தொகுதியையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல், ஒரே மையில் எழுதி டொக்டரின் மேசையில் வைத்தாள். அறுபதையும் போடுங்கள் என்றாள். அவர் கடைசி இருபதை மட்டும் போட்டார். கிருமி மெல்ல மெல்ல, எல்லாக் குழாயிலும் ஒரே அளவில் மருந்துக்குப் பழகுகிறது என்று பளபளக்கும் மட்டையோடு ஒரு புத்தகம் வந்தது. அதற்குரிய வேலைத்தாளில் தொழில்நுட்பவியலாளர் கையெழுத்து வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை. அடுத்த மாதம் ஆளைக் குறைப்பதாகச் சொல்லி அவளை நிறுத்தினார்கள். வரதராசாவுக்குச் சனி மறுபடி பேச்சுக்கு வந்தது. அவள் பதில் சொல்லாமல் சாப்பிட்டாள். அவருக்கு அது பயமாக இருந்திருக்க வேண்டும், தானே பேச்சை மாற்றினார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் பார்க்கும் சின்ன ஆய்வுகூடம் ஒன்று அவளை எடுத்தது. போர் முடிந்த பிறகும் அங்கேதான் இருந்தாள். அங்கே வந்தவர்களுக்கு இரத்தம் எடுக்கும்போது அவளிடம் வாய் கொடுக்கப் பயம். ஏன் எனக்குச் சீனி வந்தது, என் தம்பிக்கு வரவில்லையே என்று கேட்டால், தின்ற இனிப்பைக் கேட்பாள். தின்னவில்லை என்று சொன்னால், "அப்ப ஒண்டும் இல்லை, வந்திட்டுது. குளிசையைப் போடுங்கோ" என்பாள். சிலர் இந்த ஒரு பதிலுக்காகவே வேறு ஆய்வுகூடத்துக்குப் போனார்கள். சிலர் அதற்காகவே திரும்பி வந்தார்கள்.

வேலை போன கிழமை அவள் செய்த இன்னொரு காரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், விசாரித்து விசாரித்து றவூப்பின் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவனுடைய மனைவி பைறோஸா கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள், கதிரையைத் துடைத்துப் போட்டாள். றவூப் சாரத்தோடு வந்து நின்றான்.

பாலேஸ்வரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. வெயிலைப் பற்றிச் சொன்னாள். பஸ் கிடைக்காததைச் சொன்னாள். பைறோஸா வட்டிலப்பமும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள்.

"றவூப், சூப்பிலை ஒண்டும் இல்லை" என்றாள் கடைசியில். "நான் கேட்டது பிழை."

"தெரியும் மிஸ்" என்றான் றவூப். "சாப்பிடுங்கோ."

வட்டிலப்பம் நன்றாகத்தான் இருந்தது. அவள் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.